பெரிய வியாழன்

தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள்.
துறைமுகத்தில் விசைப்படகுகள்
தோளோடு தோள் சாய்ந்து சும்மா நிற்கின்றன.
இறால் உரிக்கும் கம்பெனிக்குப் பூட்டு.
என் விரல் நுனிகளில் மட்டும்
இன்னும் ஐஸ்.

திங்களும் வியாழனும் சிங்கராயருக்கு டயாலிசிஸ்.
முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குக்
கலியமூர்த்தியின் ஆட்டோ.
"வேலை வந்ததும் குடுங்கக்கா."
ஏழு வாரமாய் அதே வார்த்தை, அதே புன்னகை,
பெட்ரோல்தான் ஏறிக்கொண்டே போகிறது.

நாலு மணி நேரம் அவர் ரத்தம்
வெளியே வந்து சுற்றித் திரும்பும்.
வராந்தாவில் ஜெபமாலையோடு நான்.
"ஆண்டவரே" என்று ஒரு சொல் வரும்.
அதற்கப்புறம்
மின்விசிறிச் சத்தம்.

சோதனை பொன்னைப் புடமிடும் என்றார் பங்குச் சாமியார்.
என்னிடம் இருந்த பொன் ஒரு ஜோடிக் கம்மல், சாமி.
மாசி மாசமே அடகுக்குப் போய்விட்டது.

இன்றைக்குக் கால் கழுவும் பன்னிரண்டு பேரில்
அவரும் ஒருவர்.
காலையில் நகம் வெட்டிவிட்டேன்,
வீங்கிய பாதத்தைத் துண்டால் ஒற்றினேன்,
வேட்டிக்குக் கஞ்சி போட்டேன்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது.
கருவேலம் புதரிலிருந்து அது வந்தது.
தலை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பிளாஸ்டிக் டப்பா.
பெட்டிக்கடை பிஸ்கட் டப்பா, அடியில் கொஞ்சம் தூள்.
அந்தத் தூளுக்காகத்தான் நுழைத்திருக்கும்.
"நாலு நாளா சுத்துது" என்றார் கேட்காரர்.
ஒரு பையன் போனில் படம் எடுத்தான்.

மூச்சு விட்டது, டப்பா மூடுபனியானது.
மூச்சு வாங்கியது, கொஞ்சம் தெளிந்தது.
தெளிந்த இடத்தில் ஒரு கண்.
மறுபடி பனி.

எனக்குத் தெரியும் இந்த மூச்சை.
வராந்தாவில் நான் விட்டதெல்லாம்
இப்படித்தான்
என் முகத்துக்கே திரும்பி வந்து
ஈரமாய் நின்றது.

இறங்கினேன்.
"விடு அமலு, நேரமாச்சு" என்றார்,
ஊசி குத்திய கையை மடியில் ஏந்தியபடி.
அடுத்த மூச்சில் அவரே,
"முன்னாடி போகாத. பயப்படும்."

துரத்தினோம். வாய்க்கால், செங்கல் சூளை,
முட்டி மோதி, விழுந்து, எழுந்து,
கடைசியில் கல்லறைத் தோட்டம்.
யாரோ ஒரு ஞானப்பிரகாசத்துக்கும்
அவர் மனைவிக்கும் நடுவில்
அது இனி ஓட இடமில்லாமல் நின்றது.
பூசைக்கென்று வைத்திருந்த வெள்ளை முக்காட்டைப்
போர்த்தி அமுக்கினேன்.
எலும்பு. எலும்புக்குள்ளே
படகு இஞ்சின் போல ஒரு துடிப்பு.
கலியமூர்த்தி டூல்ஸ் பையிலிருந்து
பாதி ரம்பத் தகடு எடுத்தார்.
நான் அறுக்க, அவர் பிடிக்க,
"வேளாங்கண்ணி மாதாவே" என்று அவரும் சொன்னார்,
"அங்காளம்மா" என்றும் சொன்னார்.

விளிம்பு பிளந்ததும்
முதல் வேலையாய் என்னைக் கடித்தது.
கட்டைவிரலடியில், ஆழமாய்.
இனி ஊசிக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு,
எத்தனை மாசத்துக்கப்புறம்.

கழுத்தைச் சுற்றிப் புண், புண்ணில் ஈ.
ஓடவில்லை. ஓடத் தெம்பில்லை.

அப்போது ஆட்டோவிலிருந்து மெல்ல நடந்து வந்தார்,
கஞ்சி வேட்டி புழுதியில் புரள.
கையில் அவருடைய பாட்டில்.
நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று
டாக்டர் கோடு போட்டுக் கொடுத்தது.
ராத்திரி எழுந்து அந்தக் கோட்டையே
பார்த்துக்கொண்டிருப்பார்.
தாகம் என்றால் என்னவென்று
இந்த ஊரில் அவரைக் கேட்கலாம்.

அறுத்த டப்பாவைக் கவிழ்த்துத் தூளைத் தட்டி
அதிலேயே ஊற்றினார்.

கோயிலில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன,
பிறகு ஓய்ந்தன.
சனி ராத்திரிவரை இனி மணி கிடையாது,
மரக்கட்டைதான் தட்டுவார்கள்.
பன்னிரண்டாவது நாற்காலியில்
வேறு யாரையாவது உட்காரவைத்திருப்பார்கள்.

மணி ஓய்ந்த இடத்தில்
சளப் சளப் என்று
நாக்கு.

"இன்னும் ரெண்டு வாய் இருக்கு" என்றார்
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து.
"ஊத்தட்டா?"

யாரைக் கேட்டார் என்று
நான் திரும்பிப் பார்க்கவில்லை.